பதினொன்றாம் படுக்கைக்கு வயிற்று வலி

எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் போதை நோயாளி ஒருவர்கூட இல்லை. பதிவேடு அப்படித்தான் சொல்கிறது. ஏழாம் வார்டு மட்டும் தினம் நான்கு படுக்கை நீளமாகிறது. கடற்கரையில் படகு ஒதுங்கிய மறுநாள் எட்டு.

நான் ஆய்வுக்காக இங்கே வருகிறேன். போதைப்பொருள் கடத்தல் ஒரு மருத்துவமனையை என்ன செய்கிறது என்று எழுத வேண்டும். மொத்தம் நாற்பது கேள்வி. போதை நோயாளிகள் எத்தனை பேர் என்பது முதல் கேள்வி. மூன்று வாரமாக எல்லோரும் யாருமில்லை என்கிறார்கள். நான் கேட்பதற்கு முன்பே சொல்கிறார்கள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான்.

வார்டில் அத்தனை பேருக்கும் வயிற்று வலி. அத்தனை பேரும் இடது கையை வயிற்றின் மேல் வைத்திருக்கிறார்கள். அதனால் மருந்துக் கிடங்கில் வயிற்று வலிக்கான பச்சைப் பாட்டிலை மட்டும்தான் வாங்கி அடுக்குகிறார்கள். காய்ச்சல்காரர்களுக்கும் அதையே ஊற்றுகிறார்கள். பிரசவத்துக்கு வந்தவர்கள் படுக்கை கிடைக்காமல் மாடிப்படியில் ஆளுக்கொரு படியாக உட்கார்ந்திருக்கிறார்கள். மாடி இன்னும் கட்டவில்லை.

பதினொன்றாம் படுக்கையில் என் தம்பி கிளாட்வின். முந்தாநாள் சேர்த்தபோது வாசலிலிருந்து ஏழு தப்படி தூரத்தில் இருந்தான். புதுப் படுக்கைகளை அவனுக்கும் வாசலுக்கும் நடுவில்தான் செருகுகிறார்கள். இன்று நான் அவனிடம் போய்ச் சேர்வதற்குள் வார்டுக்கு இரண்டு முறை டீ வந்துவிட்டது. அவன் உதடு நீலமாக இருந்தது. மூச்சு நினைத்தபோது வந்தது.

நர்ஸ் ஞானசெல்வம் பச்சைப் பாட்டிலோடு நின்றார்.

“சிஸ்டர், மயக்கத்த முறிக்கிற ஊசி இருக்குல்லா? அதப் போடுங்க.”

“இருக்கு. அது போதைக்காரவுகளுக்கு. இவுகளுக்கு வயித்து வலி.”

“உதடு நீலமா இருக்கே.”

“நல்ல வயித்து வலி” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “சாயங்காலத்துக்கு மேல தாங்காது. பதிவேட்ட மாத்திட்டு வாங்க.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யாரோ ஒருவர் என் தம்பிக்கு வயிற்று வலி என்று எழுதியிருக்கிறார். யாரென்று கண்டுபிடிக்க நாற்பத்தோராவது கேள்வியைச் சேர்த்தேன். ‘வயிற்று வலி என்று உங்கள் கையால் எழுதிக் காட்டவும்.’ நர்ஸ் சிரித்துக்கொண்டே எழுதினார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. வாட்ச்மேன் கேட்காமலே இரண்டு முறை எழுதினார். டீக்காரர் எழுதிவிட்டுக் கையைக் கழுவினார். மூவர் மேலும் எனக்குச் சந்தேகம் இருந்தது. டீக்காரர் மேல் கொஞ்சம் கூடுதல்.

தாள்களை எடுத்துக்கொண்டு பதிவறைக்குப் போனேன். பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் பேச்சிமுத்து அண்ணாச்சி இடுப்புவரை இரும்பு பீரோவாகி இருந்தார்.

“நேத்து முட்டி வரைக்கும்தான் இருந்துச்சு” என்றார். “என்ன வேணும்?”

“பதினொன்னாம் படுக்கைய மாத்தணும்.”

“எழுதுனவுகளே வந்து அடிச்சு எழுதணும்மா.”

“யாரு எழுதுனா?”

அவர் தன் தொடையிலிருந்த இழுப்பறையைத் திறந்து பதிவேட்டை எடுத்தார். தாள்களை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நர்ஸ் இல்லை. வாட்ச்மேன் இல்லை. டீக்காரரும் இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

“ஒங்க பேனா ஊதா மைதானே?” என்றார் அண்ணாச்சி.

பதிவேட்டில் ஊதா மை. என் கையெழுத்து.

“அன்னிக்கு நீங்கதான கேட்டீய. உண்மைய எழுதுனா போலீசு வரும், தம்பிக்குப் பேசியிருக்க பொண்ணு வீட்டுக்காரவுக காதுக்குப் போயிரும்னு அழுதீய. எழுதிக்கிடுங்கன்னு நான்தான் பேனாவத் தள்ளுனேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுதாவ.”

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றேன். அவர் இன்னொரு இழுப்பறையிலிருந்து திருத்தப் படிவத்தை எடுத்தார். அதில் ஒரே ஒரு கட்டம். ‘முன்பு தவறாக எழுதிய காரணம்.’

“உள்ளத எழுதுங்க. ஊசிய இப்பமே எடுத்துத் தாரேன்” என்றார்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை பெண் வீட்டார் வருகிறார்கள். பூவும் பழமும் சொல்லியாகிவிட்டது. கிளாட்வினுக்கு மூச்சு வந்துகொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எழுதினேன்.

அண்ணாச்சி வாங்கிப் படித்தார். அவருக்கு இப்போது கழுத்துவரை இரும்பு.

“காரணம், வயித்து வலி” என்று உரக்கச் சொன்னார். “சிஸ்டர், இன்னொரு படுக்கை.”

வாசலை ஒட்டி எனக்கு இடம் போட்டார்கள். நானூற்று ஆறு. அங்கிருந்து பதினொன்று தெரியவில்லை. ஞானசெல்வம் பச்சைப் பாட்டிலைத் திறந்தார். நான் இடது கையை வயிற்றின் மேல் வைத்தேன்.

உண்மையாகவே வலித்தது.