வையத் தெரியாதவன்

போடிக்கு ரயில் வந்த மறுவருஷம் ஊருக்குள் பிளேக்கும் வந்தது. வீட்டுக்குள் எலி செத்து விழுந்தால் போதும், பானை சட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரே வயற்காட்டுக்குப் போய்விடும். போ என்று யாரும் விரட்டவில்லை, வராதே என்று யாரும் தடுக்கவுமில்லை. கூரையில் நாலு ஓடுகளைப் பிரித்து வெயில் விழ விட்டுவிட்டு, அவரவர் வரப்போரத்தில் அவரவர் குடிசை போட்டுக்கொண்டார்கள். சந்தை வழக்கம்போலக் கூடியது. நடவு நடந்தது. களத்துமேட்டில் ஒரு கல்யாணம்கூட நடந்து, பந்தியில் ரசம் பற்றாமல் இரண்டு வீட்டாருக்கும் சண்டை வந்தது. வயிறு என்று ஒன்று இருக்கிறதே, அது பிளேக்குக்கெல்லாம் பயப்படுமா?

சுருளியாண்டிக்குக் குடிசை வாழ்க்கை பிடித்துக்கூடப் போயிருந்தது. பெண்டாட்டி சுப்புத்தாய் சொந்த அத்தை மகள். கட்டி ஆறு வருஷம் கழித்து இப்போதுதான் முழுகாமல் இருக்கிறாள், ஐந்தாம் மாதம். அந்தச் சந்தோஷத்தில் அவன் தரையில் நடந்தானா மிதந்தானா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

அப்படி இருந்தவனுக்கு ஒரு நாள் விடிந்ததும் வாய்க்காலில் குளிக்கும்போது வலது தொடை இடுக்கில் கை பட்டது. கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. அமுக்கினால் உயிர் போகிறது. உடம்பும் லேசாகச் சுட்டது. சுருளியாண்டி அப்படியே தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டான்.

போன மாதம் மேலத்தெரு அய்யாத்துரைக்கும் இதே இடத்தில்தான் கட்டி வந்தது. மூன்றாம் நாள் ஆள் இல்லை. அவரைப் பார்த்துக்கொண்ட பெண்டாட்டியும் பின்னாலேயே போய்விட்டாள். பிளேக் தடுப்பூசி போட வந்த கம்பவுண்டர் ஜேசுராஜுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டுச் சோளக்காட்டுக்குள் ஒளிந்த தன் புத்தியைச் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது அவனுக்கு. சரி, நாம் போனால் போகிறோம். அவளும் வயிற்றுப் பிள்ளையும் தப்பிக்க வேண்டும். அவள் இன்றைக்கே குச்சனூருக்கு, அவள் ஆத்தாள் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

விஷயத்தைச் சொன்னால் போவாளா? காலைக் கட்டிக்கொண்டு கிடப்பாளே தவிர ஓரடி நகர மாட்டாள். அதனால் சண்டை போட்டுத் துரத்துவது என்று முடிவு செய்தான். அங்கேதான் சிக்கல். பயலுக்கு மாட்டைக்கூட வையத் தெரியாது.

சுப்புத்தாய் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்தான். நன்றாகத்தான் இருந்தது.

"இதென்ன கஞ்சியா, கழனித்தண்ணியா?" என்றான்.

"ஏன் மாமா, உப்புக் கொறஞ்சிருச்சா?"

"ஒரு கஞ்சி வைக்கத் துப்பில்ல! ஒன்னயச் சொல்லிக் குத்தமில்ல, ஒன்னய வளத்தா பாரு, ஒங்காத்தா, அவளைச் சொல்லணும்!"

அந்த ஆத்தாள்தான் தாயில்லாத தன்னை இடுப்பில் தூக்கித் திரிந்த அத்தை என்பது பாதியிலேயே அவனுக்கு உறைத்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "ஒன் மூஞ்சியப் பாத்தாலே எரியுது. போ, ஒங்க வீட்டுக்கே போயிரு. இங்கன இருக்காத!"

சுப்புத்தாய் அவன் முகத்தையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. இரண்டு சேலையை மூட்டை கட்டிக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தாள். 'பாத்துப் போ புள்ள, வழுக்கும்' என்று தொண்டை வரை வந்ததை அவன் விழுங்கிக்கொண்டான்.

அவள் தலை மறைந்த பிறகு குடிசைக்குள் போய்ப் படுத்தான். பாவி மனுஷன், வாய்விட்டு அழுதான். பிள்ளை முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று அழுதான். அழுகையின் நடுவிலேயே, அவள் போய்விட்டாள், இனிப் பிழைத்துக்கொள்வாள் என்று ஒரு நிம்மதியும் வந்தது.

உச்சிவெயில் நேரம். வெளியே பேச்சுக்குரல் கேட்டது.

"அங்கனதான் படுத்திருக்காக. வெரசா வாங்கய்யா."

சுப்புத்தாயின் குரல். கூடவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்பவுண்டர் ஜேசுராஜ்.

"ஏ புள்ள, கிட்ட வராத! ஓடிப் போயிரு!" என்று உள்ளேயிருந்து கத்தினான்.

"பாத்தீகளா, இன்னும் ஒளறல் நிக்கல," என்று அவள் அழுதாள். "ஆறு வருசத்துல என்னய ஒரு சொல்லு வஞ்சதில்லய்யா. இன்னைக்குக் கஞ்சியில ஆரம்பிச்சு எங்காத்தா வரைக்கும் இழுத்துட்டாக. பாதி வழியிலதான் எனக்குப் புத்தி வந்துச்சு. செத்துப்போன அய்யாத்துரை அண்ணனும் காச்சல்ல மொத நாளு இப்படித்தான் ஆளு தெரியாம ஏசுனாகளாம். அதான் அப்படியே திரும்பி ஒங்ககிட்ட ஓடியாந்தேன்."

ஜேசுராஜ் அவளைப் புங்கமரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். நாக்கைப் பார்த்தார். நாடி பிடித்தார். கட்டியை அமுக்கினார். சுருளியாண்டி போட்ட சத்தத்தில் புங்கமரத்துக் காக்காய்கள் பறந்தன.

"ஒளறல்லாம் இல்லத்தா, தெளிவாத்தான் கத்துறான்," என்று வெளியே பார்த்துச் சொன்னவர், "காலக் காட்டுய்யா," என்றார்.

வேறு வருஷமாக இருந்தால் தொடையில் நெறி கட்டியவன் முதலில் உள்ளங்காலைத்தான் புரட்டிப் பார்ப்பான். காலில் புண் இருந்தால் தொடை இடுக்கில் கட்டி வீங்கும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எலி விழுந்த வருஷத்தில் கால் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் ஞாபகமில்லை. வலது குதிகாலில் கருப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. ஜேசுராஜ் ஊசி முனையால் கீறினார். சீழோடு சேர்ந்து கருவேல முள் ஒன்று வெளியே வந்தது.

"எப்பக் குத்துச்சு?"

"வேலி அடைக்கயில. நாலஞ்சு நாளிருக்கும். அன்னைக்கே பிடுங்கிப் போட்டுட்டனே?"

"பாதியப் பிடுங்கிருக்க. மீதிப் பாதி நெறி கட்டிருக்கு. பிளேக்காம் பிளேக்கு! நெறி எறங்கட்டும், ஊசி போட நானே வாரேன். இந்தத் தடவ சோளக்காட்டுக்குள்ள ஓடுன, முள்ளத் திரும்பக் குத்திருவேன்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். சுருளியாண்டிக்கும் சிரிப்பு வந்தது. அடக்க அடக்கக் குலுங்கிக் குலுங்கி வந்தது. உயிர் திரும்பக் கிடைத்தவனுக்கு வேறென்ன வரும்?

சுப்புத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. வாசலில் வந்து நின்றாள்.

"அப்ப, நெனவோடதான் வஞ்சீகளா?"

"ஒனக்கும் புள்ளைக்கும் ஒட்டிறக் கூடாதேன்னுதான் தாயி. சொன்னாப் போக மாட்டியே."

"போக மாட்டேன்தான்." அவள் குரல் உடைந்தது. "ரெண்டு நாளு கழிச்சு நாக்கு வறண்டு தண்ணி கேட்டிருந்தா, யாரு குடுப்பான்னு நெனச்சீக?"

சுருளியாண்டியின் சிரிப்பு நின்றுவிட்டது. அதை அவன் யோசித்தே பார்க்கவில்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். காலை ஊன்ற முடியாமல் அவன் உட்கார்ந்தபடியே நகர்ந்து அவள் பக்கத்தில் வந்தான்.

"இனி எது வந்தாலும் மொதல்ல ஒன்ட்டதான் சொல்வேன். ஒங்காத்தா மேல சத்தியம்."

"சொல்லுங்க," என்றாள், முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டே. "அப்பயும் நான் போக மாட்டேன். ஆனாச் சொல்லிருங்க."