முன்னால் வந்த சிரிப்பு

அவள் முதலில் சிரித்தாள். ஜோக் அதற்குப் பிறகுதான் வந்தது.

அடுப்படியில் இறால் உரித்துக்கொண்டிருந்த ரிஃப்காவின் மனதுக்குள் வெள்ளிக்கிழமையிலிருந்து இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "படம் பாத்துப் பாத்து உனக்குக் கண்ணு கெட்டுப்போச்சு" என்பாள் உம்மா.

ரிஃப்கா படம் பார்ப்பது நாகூரில் அவர்கள் சொந்தபந்தம் முழுக்கப் பிரசித்தம். கணவன் குவைத்தில். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் கைபேசியைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பார்த்து முடித்ததும் குடும்பத்துப் பெண்களின் வாட்ஸப் குழுவில் பேசிப் போடுவாள். "பேய்ப் படம்தான். ஆனா பேய் ரொம்ப மரியாதையான பேய். அந்த வூட்டு மாமியாவப் பாத்தாத்தான் பயமா இருக்கு." "தங்கச்சி செத்துட்டான்னு ஹீரோ அழுவுறான். பின்னாடி நிக்கிறவன் கொட்டாவி விடுறான், பாருங்க." பெண்கள் அதைக் கேட்டுச் சிரித்து, காரைக்கால் வரைக்கும் அனுப்பி, அதன் பிறகுதான் படத்துக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். கதாநாயகனை விட்டுவிட்டு அவன் பின்னால் நிற்பவர்களைப் பார்ப்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

அந்தப் பழக்கம்தான் இப்போது வினையாக வந்து நின்றது.

தங்கை சபிஹாவின் கணவன் அப்சர் சென்னையில் ஸ்டாண்ட்-அப் காமெடி செய்கிறவன். போன வாரம் அவனுடைய வீடியோ எல்லோர் கைபேசிக்கும் வந்தது. நாகூரில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். வீட்டில் ஒரு பங்கு பெண்ணுக்கென்று எழுதி வைத்திருப்பார்கள். அதை வைத்துத்தான் அப்சர் ஆரம்பித்திருந்தான்.

"எங்க ஊர்ல மாப்பிள்ளைக்குக் கல்யாணம்னா ஜெயிலுங்க. மாமியாதான் வார்டன். நான் அந்த ஜெயிலை உடைச்சு, போற போக்குல வார்டன் பொண்ணையும் தூக்கிட்டு வந்தவன்!"

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. நம்மைத்தான் சொல்கிறான் என்று மாப்பிள்ளைகள் சிரித்தார்கள், நம்மைத்தான் சொல்கிறான் என்று மாமியார்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அடுத்து வந்தது யார் காதிலும் சரியாக விழவில்லை.

"ஒரு நாள் கோவத்துல அவளை பால்கனில விட்டுப் பூட்டிட்டேன். அப்படியே தூங்கிட்டேங்க. நல்ல மழை. காலைல எதிர்வூட்டுக்காரர் போன் பண்றாரு. 'தம்பி, காயப்போட்ட துணிய எடுக்கலியா?'"

கேமரா முன்வரிசைக்குத் திரும்பியிருந்தது. அங்கே சபிஹா சிரித்துக்கொண்டிருந்தாள். துணி என்ற சொல் வருவதற்கு முன்பே, கூட்டம் சிரிப்பதற்கு முன்பே சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டு மேடையைப் பார்த்தாள், சரியாகச் செய்தேனா என்று கேட்பது போல.

ரிஃப்கா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு வழக்கம்போலக் குழுவில் பேசினாள். "மாப்பிள்ளை ஜோக்கு நல்லாருக்கு. பால்கனிக்கு எனக்குச் சிரிப்பு வரல. கதவ எப்பத் தொறந்தாருன்னு அவரு சொல்லவே இல்லியே."

அவ்வளவுதான் சொன்னாள். முகம் தெரியாத யாரோ ஒரு பெண் அந்தக் குரலை எடுத்து அப்சரின் வீடியோ மேலேயே ஒட்டிப் போட்டாள். கீழே ஆயிரம் பேர் அதே கேள்வியைக் கேட்டார்கள். தஞ்சாவூரில் அவன் நிகழ்ச்சியை நடத்துவதாக இருந்தவர்கள் தயங்கத் தொடங்கினார்கள்.

பிற்பகல் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த நேரத்தில், முன்பே சொல்லியிருந்தபடி அப்சரின் கார் வாசலில் வந்து நின்றது.

"எங்கே நம்ம விமர்சகர் லாத்தா?" மனைவியைப் போலவே அவள் அக்காளை லாத்தா என்று கூப்பிடும் அப்சர் அல்வாப் பெட்டியோடு உள்ளே வந்தான். "பெரிய பெரிய டைரக்டரெல்லாம் உங்க பேரச் சொன்னா நடுங்குறாங்களாமே!"

உம்மா கமருன்னிஸா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "வாங்க மாப்புள்ள, வாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். பின்னால் வந்த சபிஹா உம்மாவிடம் போகவில்லை. அவன் பக்கத்திலேயே, இன்னொரு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

மழைக்கு முந்திய கடற்காற்றில் கொல்லைக் கதவு படாரென்று அறைந்து சாத்திக்கொண்டது. சபிஹா எழுந்து நின்றுவிட்டாள். எல்லோரும் பார்ப்பதைக் கண்டு, "தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று அடுப்படிக்கு நடந்தாள். ரிஃப்கா கூடவே போனாள்.

"அவரு கேக்குறதச் செஞ்சிடு லாத்தா." சபிஹா முணுமுணுத்தாள். "இல்லன்னா கார்லயே ஆரம்பிச்சிடுவாரு."

"என்னத்த ஆரம்பிப்பாரு?"

"ஒண்ணுமில்ல. பேச."

"செஞ்சிட்டா?"

சபிஹா தம்ளரைக் கழுவினாள். கழுவிய தம்ளரையே மறுபடியும் கழுவினாள்.

இருவரும் கூடத்துக்குத் திரும்பியபோது அப்சர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். "பெருசா ஒண்ணும் வேணாம் லாத்தா. இன்னொரு வாய்ஸ் போடுங்க. 'நான் சும்மா தமாஷுக்குச் சொன்னேன், தஞ்சாவூர் ஷோவுக்கு எல்லாரும் வாங்க'ன்னு."

"போட்டுட்டுப் போயேன் புள்ள" என்றாள் உம்மா. "வூடு தேடி வந்து கேக்குறாரு."

"அந்த பால்கனி விஷயம் நடந்ததா தம்பி?" என்று கேட்டாள் ரிஃப்கா.

"ஐயே, காமெடி லாத்தா. பாதி கற்பனை."

"எந்தப் பாதி?"

அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பிறகு தொடையில் தட்டிக்கொண்டான். "பாத்தியா சபி, உங்க லாத்தாவுக்கு என்னா டைமிங்கு!"

அவன் சொல்லி முடிப்பதற்குள் சபிஹா சிரித்துவிட்டாள்.

மறுத்தால் அதற்கான விலையைத் தான் கொடுக்கப் போவதில்லை என்று ரிஃப்காவுக்குத் தெரிந்தது. சம்மதித்தாலும் சபிஹாதான் கொடுப்பாள் என்பதும் தெரிந்தது. அப்படிச் சம்மதித்தால், இனி எந்தக் கதவு பூட்டப்பட்டாலும் அது தமாஷ்தான் என்று அக்காளே சாட்சி சொன்னதாக ஆகிவிடும்.

அப்சர் தன் கைபேசியில் பதிவை அழுத்தி அவள் முன்னால் நீட்டினான். "பேசுங்க லாத்தா. நீங்க பேசுனாத்தான் நாங்க கெளம்புவோம்."

திரையில் விநாடிகள் ஓடின. ரிஃப்கா கையை நீட்டவில்லை. விரல்களில் இறால் வாடை அடித்தது.

"அப்ப இருங்க தம்பி" என்றாள். "மாடி சபிஹாவோட பங்குதானே? காலையில கூட்டி, பாய் விரிச்சு வெச்சிருக்கேன்."

"ஆகா, வார்டன் மாறிட்டாங்க போலிருக்கே!" அவன் சிரித்தான். உம்மாவும் தன்னையறியாமல் சிரித்துவிட்டாள்.

சபிஹா சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்சர் மெல்ல, மிக மெல்ல, தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். கைபேசி இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தது.

ரிஃப்கா தங்கைக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.

"நான் பேசமாட்டேன் தம்பி" என்றாள்.