நோயில்லாத அண்ணன்

ஊசியை உருவியதும் எட்வர்ட் முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு சிரித்தான். அவன் தம்பி ஜோஸ்வின் தன் கை மடிப்பிலும் பஞ்சோடு, தரையைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருவனுக்கு மனநோய் வருகிறது, மற்றவனுக்கு ஏன் வரவில்லை? காரணம் ரத்தத்தில் இருக்கிறதா, வாழ்க்கையில் பட்ட அடியில் இருக்கிறதா? இந்த ஆராய்ச்சிக்காகத்தான் டாக்டர் மாரிச்செல்வி மதுரையிலிருந்து பாம்பனில் இந்த வீடு வரை வந்திருந்தார். அவர் கணக்கில் ஜோஸ்வின் நோயாளி. விசைப்படகு ஓட்டும் எட்வர்ட் நோயில்லாத அண்ணன்.

அந்தச் சொல்லைக் கேட்கவே எட்வர்டின் மனைவி பிரெசில்லாவுக்கு இனித்தது. கூட்டாளி கண்ணெதிரே கடலில் மூழ்கிய அதிர்ச்சியில்தான் ஜோஸ்வின் இப்படி ஆனான், பரம்பரையில் ஒன்றும் கிடையாது என்று சொல்லித்தான் அவளை இந்த வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். இப்போது இடுப்பில் ஒரு மகள். பரம்பரையில் ஒன்றும் இல்லை என்பதை ஒரு டாக்டர் வாயால் கேட்டுவிட்டால் போதும் என்று காலையிலிருந்து ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

தூக்கம், சாப்பாடு, குடி என்று எல்லாம் விசாரித்துவிட்டு டாக்டர் எட்வர்டிடம் கேட்டார். "பக்கத்துல யாருமே இல்லாதப்ப பேச்சுக்குரல் கேட்டிருக்கா?"

"கேக்காம இருக்குமா மேடம்? எல்லாருக்குந்தான் கேக்கும்."

பிரெசில்லாவுக்குச் சிரிப்பு வந்தது. "வாக்கி டாக்கியச் சொல்றாக மேடம். அதச் சார்ஜ்ல போட்டுக்கிட்டே மத்த போட்டுக்காரகளோட பேசிக்கிட்டுக் கெடப்பாக. இந்தத் தடைக்காலத்துலகூட வாய் ஓயல."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு விசைப்படகும் கடலுக்குப் போகாது. அத்தனையும் ஆளில்லாமல், வாக்கி டாக்கி அணைந்து, கரையில் கட்டிக்கிடந்தன. அப்படியென்றால் இத்தனை நாளும் இவர் யாரோடு பேசினார்?

"அந்தக் குரல் என்னண்ணே சொல்லும்?" டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

"வழி சொல்லும். போன வருசம் கெழக்க ஓட்டு, கெழக்க ஓட்டுன்னுச்சு. ஓட்டுனேன்."

அந்தப் பயணத்தில்தான் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, படகில் இருந்த அத்தனை பேரும் இலங்கைச் சிறையில் கிடந்தார்கள். பிரெசில்லாவின் தம்பி சுரேஷும் அதில் ஒருவன். நீரோட்டம் இழுத்துப் போய்விட்டது என்று எட்வர்ட் சொன்னதை ஊரே நம்பியது, அவளும் நம்பினாள். நாளைக்குத் தடைக்காலம் முடிகிறது. மீட்டு வந்த அதே படகு, ஓட்டப் போவதும் எட்வர்ட்தான், கூடப் போவதும் அதே சுரேஷ்தான்.

"ஏங்க, வெளையாட்டுக்குத்தான சொல்றீக?"

எட்வர்ட் அவளைப் புரியாமல் பார்த்தான். "ஏன், ஒனக்குக் கேக்காதா பிரெசில்லா?"

தனக்கு மட்டும்தான் குரல் கேட்கிறது என்றிருந்த ஜோஸ்வின் தலையை நிமிர்த்தினான். அவள் வாழவந்த நாளிலிருந்து அந்த முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்ததில்லை.

"அண்ணே, ஒனக்குமா?" என்று நகர்ந்து வந்து அண்ணன் தோளோடு ஒட்டி உட்கார்ந்தான். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

வாசலில் சுரேஷின் பைக் வந்து நின்றது. "மச்சான், ஐஸ் ஏத்தணும். வாரீகளா?"

"இந்தா வாரேன்" என்று எட்வர்ட் எழுந்தான். முழங்கை மடிப்பிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. பிரெசில்லா ஓடிப்போய் நிலைப்படியில் குறுக்கே நின்றுகொண்டாள். அவன் கையிலிருந்து ரத்தம் மெல்லிய கோடாக மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது. இடுப்பிலிருந்த மகள் அப்பாவிடம் போக எட்டிச் சாய்ந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.