பீரோவுக்குப் பின்னால் நிற்கும் வண்டி

சௌந்தரம் கோபித்துக்கொண்டு ரயில் ஏறி நான்கு வருஷம் ஆகிறது. வண்டி இன்னும் பீரோவுக்குப் பின்னாலேயே நிற்கிறது.

போத்தனூரில் அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு பொம்மை நீராவி ரயில் உண்டு. புருஷன் பெண்டாட்டிக்குள் வாய்ச்சண்டை முற்றினால் இருவரில் ஒருவர் அதில் ஏறிவிடுவார். பெட்டி ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். ஏறி உட்கார்ந்தால் இடம் இருக்கும். மற்றவர் பாய்லரில் தண்ணீர் ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, பச்சைக் கொடி காட்டவேண்டும். கூடத்தைச் சுவரோரமாக ஒரு சுற்றுச் சுற்றி, வாசற்படியருகே போட்டிருக்கும் மணைப்பலகைக்கு வண்டி திரும்பிவரப் பத்து நிமிஷம். அதற்குள் கோபம் ஆறிவிடும். இறங்கியவர் "காப்பி வெக்கட்டுமா?" என்று கேட்டால் சண்டை முடிந்தது. மற்ற ஊர்களில் துணிமணியை அள்ளிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறார்களாம். எவ்வளவு அலைச்சல் பாருங்கள்!

சௌந்தரத்தின் புருஷன் கிட்டுசாமிக்குக் குக்கர் ரிப்பேர் தொழில். கை சும்மா இருக்கும்போதெல்லாம் ரயில் இஞ்சினைப் பிரித்து மாட்டிக்கொண்டிருப்பார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. அந்தத் தெருவில் நல்ல தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தரம், அதுவும் ஒரு மணி நேரம்தான் வரும். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிய சௌந்தரம், "தண்ணி வந்தா நாலு கொடம் புடிச்சு வெச்சுருங்க" என்று மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் போனாள். இவர் மூன்று தரமும் தலையாட்டினார். பிறகு இஞ்சினின் பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்க உட்கார்ந்தார். குழாயில் தண்ணீர் வந்தது, நின்றும் போனது. இவருக்கு இரண்டும் காதில் விழவில்லை.

"ஏனுங்க, இஞ்சின் நல்லாப் பளபளன்னு இருக்குது. கொடம் எங்கீங்க?" என்றாள் திரும்பிவந்த சௌந்தரம்.

நான்கு குடமும் கவிழ்த்தது கவிழ்த்தபடி இருந்தன. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டாவது பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். பாய்லரில் ஊற்ற வீட்டில் நல்ல தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. கிட்டுசாமி போர்வெல் உப்புத் தண்ணீரை ஊற்றினார். உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாய்ப் படிந்து ஓட்டையை அடைக்கும் என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற மனுஷன் அவர். ஒரு சுற்றுத்தானே, தாங்கும் என்று நினைத்துவிட்டார்.

வண்டி பீரோவுக்குப் பின்னால் போயிற்று. மறுபக்கம் வரவில்லை.

ஆள் ஏறிய வண்டியைக் கையால் தொடக்கூடாது. எதிர்வீட்டு நாச்சிமுத்து ஒருமுறை பொறுமை இல்லாமல் கையால் தள்ளிவிட்டார். மணைப்பலகையில் வந்து இறங்கியது அவர் மனைவி இல்லை. ஆரோக்கியம் என்ற திண்டிவனத்துத் தபால்காரர். நல்ல மாதிரி. இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறார், மிளகாய் வற்றல் காயப்போட்டால் மழைக்கு முன்னால் எடுத்து வைக்கிறார். இன்னொரு இஞ்சினைப் பின்னால் விட்டு முட்டித் தள்ளலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் அந்தத் தண்டவாளத்தின் அகலத்துக்குப் புது இஞ்சின் எதுவும் பொருந்தாது. பழையதுதான் வேண்டும், அது லேசில் கிடைக்காது.

வெள்ளிக்கிழமை தோறும் சௌந்தரம் போன் பண்ணுவாள்.

"எங்க இருக்கறே?"

"பீரோவுக்குப் பின்னாலதானுங்க. இங்க ஒரு கொழா இருக்குது. தண்ணி வருமுன்னு எல்லாரும் எறங்கி வரிசையில நிக்கிறோம்."

"சாப்பாடெல்லாம்?"

"வண்டியில வர்ற கார்டு கொண்டாந்து குடுக்கறாருங்க. டீதான் உப்புக் கரிக்குது. பாய்லர் தண்ணியிலதானே போடறாங்க. என்ன தண்ணின்னு கேட்டா அந்த மனுசன் திருதிருன்னு முழிக்கறாரு."

"அப்படியா," என்பார் கிட்டுசாமி. நான்கு வருஷமாக வெள்ளிக்கிழமைக்கு ஒரு அப்படியா. போனை வைத்ததும் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

தனியாக இருப்பது அவருக்குக் கொஞ்சமும் ஒத்துவரவில்லை. ரிப்பேரான குக்கரை வீட்டு அடுப்பிலேயே வைத்துச் சோதிப்பார். மூன்று விசில் வந்ததும் "அடுப்ப அணைங்க" என்று ஒரு குரல் வரும் என்று காத்துக்கொண்டு நிற்பார். நாலாவது விசில்தான் வரும். ஒரு ஆளுக்குச் சோறு வடிக்கத் தெரியாமல் தினமும் மிஞ்சும், அதை ஆரோக்கியத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். கூடத்தில் பீரோ வேறு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதன் குட்டைக் காலுக்கு அண்டக்கொடுத்திருந்த செங்கல் எங்கே போயிற்றோ, அவரும் தேடாத இடமில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உக்கடத்துப் பழைய சாமான் கடையில், துருப்பிடித்த பூட்டுகளுக்கு அடியில், ஒரு சாண் நீளத்தில் பச்சை இஞ்சின் ஒன்று கிடந்தது. சக்கரத்தின் அகலத்தை விரலால் அளந்து பார்த்தார். சரியாக இருந்தது. விலைகூடப் பேசாமல் காசை எடுத்து நீட்டினார்; அடுத்த நிமிஷமே பயம் பிடித்துக்கொண்டது. அவள் வந்து இறங்கினால் முதல் கேள்வி அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் இருக்கும். உண்மையைச் சொன்னால், அவளுக்கு மறுபடி ஏறிப்போக இப்போது இன்னொரு இஞ்சினும் ஆயிற்று. வீட்டுக்குக் கொண்டுவந்து பத்து நாள் அதைத் தொடாமலே வைத்திருந்தார்.

பதினோராம் நாள் பிரித்தார். பிஸ்டன் உருளைக்குள் இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெயில் மூன்று நாள் ஊறப்போட்டார். பாய்லருக்குள் எலுமிச்சைச் சாற்றை ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்தார், வெள்ளை வெள்ளையாய்க் கொட்டியது. யாரோ, எந்த ஊரிலோ, இதிலும் உப்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அந்த ஆளை நினைத்து அவருக்குப் பாவமாக இருந்தது. நீராவிக் குழாயை வாய் வைத்து ஊதி ஊதி அடைப்பெடுத்தார். ஓட்டை விழுந்த மூலையில் ஈயப் பற்று வைத்தார். பிஸ்டன் தண்டில் எண்ணெயில் ஊறிய நூலைச் சுற்றினார். பச்சைப் பெயின்டை மட்டும் சுரண்டவில்லை, பித்தளையைத் தேய்த்துப் பளபளப்பாக்கவும் இல்லை. புளிப் பானை பக்கமே அவர் போகவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரோக்கியம் பேட்டரிக் கடையிலிருந்து உப்பில்லாத தண்ணீர் ஒரு கேன் வாங்கிவந்தார். கிட்டுசாமி இஞ்சினை மணைப்பலகையருகே தண்டவாளத்தில் வைத்து, தண்ணீர் ஊற்றி விளக்கை ஏற்றினார். சக்கரம் முதலில் அசையவில்லை. விரலால் ஒரு தரம் சுண்டிவிட்டார். இருமியது, எண்ணெயும் வெந்நீருமாகத் துப்பியது, பிறகு பிடித்துக்கொண்டது. டக்டக்கென்று கூடத்தைச் சுற்றிப் பீரோவுக்குப் பின்னால் நுழைந்தது. உள்ளே எதன் மேலோ முட்டுகிற சத்தம் கேட்டது.

போன் அடித்தது.

"பின்னால ஒரு இஞ்சின் வந்து நிக்குதுங்க. கார்டு அதுலதான் இப்ப டீ போட்டுக் குடுத்தாரு. கரிக்கவே இல்லீங்க. என்ன தண்ணி ஊத்துனீங்க?"

"பேட்டரித் தண்ணி."

"அப்ப அன்னைக்கு?"

கிட்டுசாமி சாய்ந்து நின்ற பீரோவைப் பார்த்தார். ஆரோக்கியம் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

"உப்புத் தண்ணி," என்றார் கிட்டுசாமி. "தெரிஞ்சேதான் ஊத்துனேன் சௌந்தரம். அடைக்கும்னு தெரியும். வண்டி நின்னது என்னாலதான். கார்டு மேல ஒரு தப்புமில்ல."

மறுமுனையில் குடங்கள் ஒன்றோடொன்று இடிபடுகிற சத்தம் கேட்டது.

"நாலு வருசமா அந்த மனுசனத் திட்டித் தீத்துட்டனே. மொதல்ல அவுருகிட்ட மன்னிப்புக் கேக்கோணும்," என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

வண்டி வந்தது. பச்சை இஞ்சின் பின்னாலிருந்து தள்ள, பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பீரோவின் மறுபக்கத்திலிருந்து வெளிப்பட்டு மணைப்பலகையருகே வந்து நின்றன. கிட்டுசாமி குனிந்து பார்த்தார். இரண்டாவது பெட்டியின் ஜன்னலில் யாரும் இல்லை. கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு மட்டும் இறங்கினார், கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

"அம்மா ஏற மாட்டேன்னுட்டாங்க ஐயா. அங்க இப்பத்தான் கொழாயில தண்ணி வந்திருக்குது. எடத்த உட்டாப் போச்சுன்னு வரிசையிலேயே நிக்கிறாங்க."

"மன்னிப்புக் கேட்டாளா?"

"கேட்டாங்க," என்றார் கார்டு. சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது.

கிட்டுசாமி அடுப்படிக்குப் போய்க் கவிழ்த்திருந்த குடங்களில் இரண்டை எடுத்து, நான்கு வருஷத்துத் தூசி போக அலம்பினார். ஆரோக்கியம் பாய்லரை நிரப்பி விளக்கைத் தூண்டிவிட்டு, கார்டிடமிருந்து பச்சைக் கொடியை வாங்கிக்கொண்டார்.

"நீங்க போங்க. குக்கர நான் பாத்துக்கறேன்."

கிட்டுசாமி குடங்களை முன்னால் தள்ளிவிட்டு இரண்டாவது பெட்டியில் ஏறினார். ஜன்னலோர இருக்கையில் உட்காரவில்லை, அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பீரோவுக்குப் பின்னால் வண்டி நின்றபோது வரிசை நீளமாக இருந்தது. சௌந்தரம் ஏழாவதாக நின்றாள். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு, அதில் ஒரு செங்கல் வைத்திருந்தது. அதற்கும் பின்னால்தான் மற்றவர்கள் நின்றார்கள். நான்கு வருஷமாக அந்தச் செங்கல்லை யாரும் தாண்டவில்லை.

"வர்றதுக்கு இத்தன நேரமா?" என்றாள் அவள், திரும்பாமலே.

கிட்டுசாமி செங்கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் குடத்தோடு நின்றார். வரிசை ஒரு ஆள் நகர்ந்தது.