பிளாட்பாரத்துக்கு வராத கப்பல்

‘பூம்’ என்று கடலே அதிர்ந்தது. கரையில் இருந்த காக்கைகள் அத்தனையும் ஒன்றாக எழும்பின. பாக்கியமேரி எள்ளுருண்டை மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஒரு மைல் தூரத்தில், தங்கள் ஊர் பொம்மிடி ஸ்டேஷனைவிட நீளமாக ஒரு வெள்ளைக் கப்பல் நின்றது.

“ஊதிட்டான். இனி பிளாட்பாரத்துக்கு வந்துருவான்” என்றார் யாகப்பன்.

யாகப்பன் பொம்மிடி ஸ்டேஷனில் ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். பாக்கியமேரியின் கணவன் சவரிக்கு அண்ணன். மூத்தாரோடு தம்பி மனைவி நேருக்கு நேர் பேசும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. சொல்ல வேண்டியதைச் சுவரிடமோ சட்டியிடமோ சொல்வாள், அவர் கேட்டுக்கொள்வார்.

சவரிக்கு அந்தக் கப்பலில் சமையல் வேலை. வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு உலகம் சுற்றும் கப்பல். அவன் ஊரைவிட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது. கடலூரில் ஒரு பகல் நிற்போம், எங்களை இறங்க விடமாட்டார்கள், பாக்கியத்தை அழைத்து வாருங்கள் என்று அண்ணனுக்குக் கடிதம் போட்டிருந்தான். அவனிடம் கேட்க அவளுக்கு ஒரே கேள்விதான்: திரும்பி வருவாயா, மாட்டாயா? அவளுக்கு எழுதத் தெரியாது; இதை மூத்தாரிடம் சொல்லி எழுதவைக்க முடியுமா?

படகுகள் துரைகளையும் துரைசானிகளையும் கொண்டுவந்து இறக்கின. மேளம் கொட்டி, மாலை போட்டு, சிதம்பரம் பார்க்க பஸ்ஸில் ஏற்றினார்கள். கோவிந்தன் என்ற படகுக்காரன் யாகப்பனைத் தனியே அழைத்துக் கடலைக் காட்டி ஏதோ சொன்னான். யாகப்பன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். படகு வேண்டாமாம். தண்ணீர் பிடிக்க எஞ்சின் ஸ்டேஷனுக்கு வருகிற மாதிரி கப்பலும் கரைக்கு வந்துதான் ஆகவேண்டுமாம். ரயில் விஷயத்தில் அவர் சொல் தவறியதில்லை. அவள் நம்பினாள்.

உச்சி வெயில் ஏறியது. கப்பல் அசையவில்லை.

“படகு போகுது, வருது. ஏறிப் போனா என்ன கொறஞ்சிருமாம்?” என்று மூட்டையைக் கேட்டாள் பாக்கியமேரி.

“ஸ்டேஷனுக்கு வெளிய, அவுட்டர்ல நிக்குது. சிக்னல் விழணும்” என்றார் யாகப்பன், கடலைப் பார்த்து.

கோவிந்தன் மறுபடி வந்தான். “ஏறுங்கய்யா. கப்பல் ஆடாது, படகுதான் கொஞ்சம் ஆடும்” என்று சிரித்தான்.

அவள் எழுந்தேவிட்டாள். பொம்பளையைத் தனியாகப் படகில் அனுப்பும் குடும்பம் இல்லை எங்களுடையது என்றார் யாகப்பன். சரி, கூட வரவேண்டியதுதானே? அதற்கு அவர் மணலைவிட்டு எழவில்லை. அவளும் உட்கார்ந்தாள்.

நான்கு மணிக்குப் பஸ்கள் திரும்பின. படகுகள் துரைகளை ஏற்றிப் போயின. கப்பல் இரண்டு தடவை ஊதியது, புகை கக்கியது, மெல்லத் திரும்பியது. மேல்தட்டில் வெள்ளைச் சட்டைகள் தெரிந்தன. அதில் எது சவரி?

மறுநாள் காலை பொம்மிடியில் இறங்கினார்கள். முடிச்சு அவிழாத மூட்டையை அவள் பிளாட்பாரத்தில் வைத்தாள். முதல் தடவையாக மூத்தாரின் எதிரே போய் நின்றாள்.

“ஏன் மாமா ஏறலீங்க?”

யாகப்பன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “கப்பல் கரைக்கு வராதுன்னு அந்தப் படகுக்காரன் காலையிலயே சொல்லிட்டாம்மா. எனக்குத்தான் தண்ணின்னா பயம்.”