தீவுகள் மண்டியிடும் காட்சி

விழா நாடகத்துக்காக முகத்தில் காப்பித் தண்ணீரைத் தடவி என்னைக் கியூபா ஆக்கினார்கள். பொகீமியாவிலிருந்து பிழைக்க வந்த என் வெளுப்பு தீவுகளுக்கு ஒத்துவராதாம். சிசிலிக்காரி நுன்ஸியாவுக்குத் தடவவே வேண்டியிருக்கவில்லை. அவள் பிறவியிலேயே பிலிப்பைன்ஸ் என்றார் திருமதி பெல்நாப். சிகாகோவில் எங்கள் தெருவைத் திருத்துவதற்கென்றே குடிவந்தவர் அவர். பூண்டு, பீர், பிள்ளைகளுக்குக் காப்பி கொடுப்பது மூன்றையும் ஒரே குளிர்காலத்தில் ஒழித்துவிடுவதாக இருந்தார். அதற்குள் ஸ்பெயினோடு சண்டை வந்து, அமெரிக்காவின் கைக்கு வந்த தீவுகளையும் சேர்த்துத் திருத்த வேண்டியதாகிவிட்டது.

அவருடைய சேவை இல்லத்தில் குழந்தைகள் காப்பகம் உண்டு. அதில் ஒரு இடம் காலி. சட்டைத் தொழிற்சாலைக்குப் போகும்போது நுன்ஸியா தன் இரண்டு வயது மகளைக் கட்டில் காலோடு கட்டிவைத்துவிட்டுத்தான் போவாள். இடம் யாருக்கு என்று விழா முடிந்ததும் சொல்வதாக இருந்தது. அதற்காகவே அவள் பிலிப்பைன்ஸாக நிற்கச் சம்மதித்தாள்.

"அது எங்கடி இருக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

"எனக்கு வலப்பக்கம்" என்றேன். எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

ஒத்திகையெல்லாம் சங்கிலி இல்லாமலே நடந்தது; தீவுகளான எங்கள் கைகளில் பூட்ட வேண்டிய அட்டைச் சங்கிலி பொன்தாள் ஒட்டப் போயிருந்தது. விழாவன்றுதான் வந்தது. அமெரிக்கத் தாயாக வேஷம் கட்டிய வங்கிக்காரர் மகள் அதை நுன்ஸியாவின் கையிலிருந்து கழற்றி, "எழுந்திரு சகோதரி! இனி நீ சுதந்திரமானவள்!" என்று கூவினாள். தொழிற்சாலையில் 'போகலாம்' என்று மேஸ்திரி சொல்லி வாயை மூடுமுன் வாசலில் நிற்கிறவள் நுன்ஸியா. "ரொம்ப நன்றிம்மா" என்று எழுந்து மேடையைவிட்டு இறங்கிவிட்டாள்.

திரை மறைவிலிருந்து திருமதி பெல்நாப் பதறினார். "ஏய், திரும்பி வா! கொடிக்கு முத்தம் குடுத்துட்டு மறுபடி மண்டிபோடணும்!"

"அவுத்து விட்டாச்சேம்மா?"

"அவுத்துட்டா போயிடறதா? உனக்கு இன்னும் பக்குவம் வரலை!"

முன்வரிசையில் ஒரு பாதிரியார் எழுந்து கைதட்டினார். தீவுகளை விட்டுவிட வேண்டும் என்று ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்பவர். "துணிச்சலான கருத்து, அம்மணி!" என்றார். தீவுகள் வேண்டும் என்கிற சர்க்கரை வியாபாரி, காப்பகத்துக்கு அள்ளிக் கொடுக்கிறவர், தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். திருமதி பெல்நாப் ஒருவரைப் பார்த்துச் சிரித்து, மற்றவரைப் பார்த்து முகம் சுளித்து, பிறகு இரண்டையும் மாற்றிச் செய்துவிட்டார்.

"அம்மா, எடம் எனக்கு உண்டா?" என்று நுன்ஸியா அவர் கையைப் பிடித்தாள்.

"இரு இரு. மொதல்ல நாம எந்தப் பக்கம்னு தெரியட்டும்."

என்னை யாரும் அவிழ்க்கவில்லை. ஆகவே மண்டிபோட்டே இருந்தேன். பக்கக் கதவு வழியே காப்பகம் தெரிந்தது. சுவரில் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு குழந்தையின் பெயர். பெயர் எழுதாத கொக்கியின் முன்னால் நுன்ஸியா போய் நின்றாள். இடுப்பிலிருந்து ஒரு சின்னக் கம்பளித் தொப்பியை உருவி அதில் மாட்டினாள். எடுத்தாள். வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி மாட்டினாள்.