இரண்டு தடவை பார்த்த சட்டைகள்

எங்கள் தையல் ஆலைக்கு வந்த புது அதிகாரிக்கு முதல் நாளே 'வீண் மேடம்' என்று பேர் வைத்துவிட்டோம். எது வேலை, எது வீண் என்று பிரித்துக் காட்டத்தான் அந்தப் பெண்ணை நிர்வாகம் அழைத்து வந்திருந்தது. நூல் எடுக்க அந்தக் கோடி வரை நடந்தால் வீண். துணி வரவில்லையென்று சும்மா உட்கார்ந்திருந்தால் வீண். தேவைக்கு மேல் தைத்துக் குவித்தால் அதுவும் வீண். நல்லவேளை, மூச்சு விடுவதை இன்னும் சேர்க்கவில்லை.

நான் சட்டை பரிசோதிக்கிறவள். தையல் விட்டிருக்கிறதா, பொத்தான் கோணலா, கறை உண்டா என்று பார்த்து அடுத்த மேசைக்குத் தள்ளுவேன். அங்கே என் தங்கை. மடித்துப் பெட்டியில் வைப்பது மட்டும்தான் அவள் வேலை. அதிலும் ஆமை. எப்போதும் அவள் மேசையில் சட்டை மலையாகக் கிடக்கும். "கையில என்னடி, விலங்கா மாட்டியிருக்கு?" என்று நான் கத்தாத நாளில்லை. எருமை மாட்டின் மேல் மழை பெய்தது போல அவள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

வீண் மேடம் எங்கள் பக்கத்திலேயே நின்று நின்று பார்த்தாள். பிறகு தங்கையின் மேசைக்கு என்னையும் கூப்பிட்டாள். இந்த மந்தத்தை வீட்டுக்கு அனுப்பப் போகிறாள் என்றே நினைத்தேன். என் தங்கையை நான் என்ன வேண்டுமானாலும் திட்டுவேன்; அடுத்தவர் திட்ட விடுவேனா?

"மேடம், அவ கொஞ்சம் மெதுவு, அவ்வளவுதான். நான் பாத்துக்கிறேன்."

"மெதுவு இல்லைங்க. நீங்க பாத்து அனுப்புன சட்டையை அவங்க மறுபடியும் முழுசா பாக்குறாங்க. ஒரே வேலை ரெண்டு தடவை. ஏன்னுதான் புரியல."

தங்கை முந்திக்கொண்டாள். "என் புத்தி அப்படி மேடம். எதையும் நம்பாது." சொல்லிக்கொண்டே என் காலை மிதித்தாள்.

அவள் மேசையோரம் தனியாகச் சில சட்டைகள் கிடந்தன. ஒன்றை எடுத்தேன். தோளில் தையல் விட்டிருப்பது விரலுக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. தள்ளிப் பிடித்தேன், மூக்கருகே கொண்டுவந்தேன். மங்கல்தான். எல்லாம் நான் சரி என்று தள்ளியவை. நான் வாய் கிழியத் திட்டத் திட்ட, இவள் சத்தமில்லாமல் பொறுக்கியெடுத்துத் தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். மனசு வரவில்லை.

"மேடம், வீண் நான்தான். என் கண்ணு போச்சு. என்னை எடுத்துடுங்க, இவளை விட்டுடுங்க."

என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள் அப்போது கத்தினாள். "சும்மா இரு அக்கா! கண்ணு போனா கண்ணாடி வாங்கலாம். நீ போனா நான் யாரை வாங்குறது?"

வீண் மேடம் என் கையிலிருந்த சட்டையை வாங்கித் தங்கையிடம் கொடுத்தாள்.

"வீண்னு நான் சொல்றது வேலையைத்தாங்க, ஆளை இல்ல. கண்ணாடி வர்ற வரைக்கும் நீங்க மடிங்க, அவங்க பாக்கட்டும்."

அன்று சாயங்காலமே தங்கை என்னைக் கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி தயாரான அன்றும் கூடவே வந்தாள். கடைக்காரர் அதை மாட்டிவிட்டு எதிரே எழுத்துப் பலகையைக் காட்டினார். நான் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தேன். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது. தினமும் ஒரே வீட்டில்தான் சாப்பிடுகிறோம், ஒரே பஸ்ஸில்தான் வருகிறோம்.

"என்னடி இது, எப்போ இப்படி இளைச்சுப் போனே?"

"நீ இப்பத்தானேக்கா பாக்குறே," என்று சொல்லி, என் மூக்கில் சரிந்த கண்ணாடியை நேராக்கிவிட்டாள்.